அழைப்பிதழில் முளைத்த மாமன்

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். சாத்தூர் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் சமூகப் பணியாளராகச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. எடுத்த எடுப்பிலேயே அழுகை.

"சார், என் படத்தை பிளக்ஸ்ல போட்டுட்டாங்க சார்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எவனோ கேவலமாக ஏதோ செய்துவிட்டான் என்று பதறிப்போய் விசாரித்தால், விஷயம் அதுவல்ல. அவள் பார்த்துவரும் ஒரு குடும்பத்தில் காதுகுத்து. தெருமுனையில் ஆளுயர பிளக்ஸ் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் நடிகர், மறுபக்கம் கட்சித் தலைவர், நடுவில் இவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கீழே 'எங்கள் குடும்பத்தின் குலவிளக்கே, வருக வருக!' அந்தக் குடும்பத்து வழக்கில் இவள்தான் சீக்கிரமே அறிக்கை கொடுக்க வேண்டியவள்.

"பாசத்துல செஞ்சிட்டாங்க சார். எடுக்கச் சொன்னா மனசு கஷ்டப்படும். பேசாம நானே போய்க் கிழிச்சிரலாமான்னு இருக்கு."

நான் சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் அழ நான் சிரித்ததற்குக் காரணம் உண்டு. என் பெயரும் ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் அச்சாகி ஊர் முழுக்கச் சுற்றியிருக்கிறது. 'வருக வருக' வகை கூட இல்லை, தாய்மாமன் என்றே அடித்துவிட்டார்கள். போனில் சொன்னால் அரைகுறையாக இருக்கும், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். எழுத உட்கார்ந்தால் இவ்வளவு வந்துவிட்டது.

மதுரையில்தான் சமூகப் பணி படித்தேன். 'தொழில் எல்லைகள்' என்று பாடத்தில் ஓர் அத்தியாயம் இருந்தது. தேர்வு நெருங்கிவிட்டதால் வாத்தியார் அதை ரயில் வேகத்தில் ஓட்டினார். நானும் மனப்பாடம் செய்து மார்க் வாங்கினேன். விருதுநகரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, நாரணாபுரத்தில் முதல் வீட்டுப் படியேறி, "வாங்க சார், காப்பி சாப்பிடுறீகளா?" என்று ஓர் அம்மா கேட்டதும் அந்த அத்தியாயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

நாங்கள் பார்க்கப் போகும் குடும்பங்களில் கை நனைக்கக் கூடாது என்பது நிறுவனத்து விதி. விதி போட்டவர் இந்தப் பக்கத்து ஆளாக இருக்க முடியாது. இங்கே வந்த ஆள் தண்ணீர் கூடக் குடிக்காமல் போனால் வீட்டுக்காரர்களுக்கு அதைவிட அவமானம் வேறில்லை. ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். "வயிறு சரியில்லம்மா" என்று சொல்லிவிடுவேன். ஒரு வீட்டில் சொன்னால் பரவாயில்லை. எல்லா வீட்டிலும் அதையே சொன்னதில், அந்த சாருக்குக் குடலில் புண் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. ஒரு வீட்டில் ஓமத்தண்ணீர், அடுத்த வீட்டில் சீரகக் கஷாயம். "எங்க மாமாவும் இப்படித்தான் சார் அசட்டையா இருந்து போயிட்டாக" என்று ஓர் அம்மா கண்ணீர் விட்டாள்.

இந்த நிலைமையில்தான் வசந்தா மேடம் எங்களுக்குத் தலைமையாக வந்து சேர்ந்தார். ரெண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. திருச்சிக்காரர். என்னைவிட வயதில் சின்னவர், அதிலேயே எனக்குப் பாதி எரிச்சல். குரலை உயர்த்த மாட்டார். நாம் பேசும்போது பிளேடை வைத்துப் பென்சில் சீவிக்கொண்டிருப்பார். சீவுவது நின்றால் நாம் ஏதோ உளறிவிட்டோம் என்று அர்த்தம். பென்சில் நின்றால் அறையில் எல்லோருக்கும் மூச்சு நின்றுவிடும்.

என் வயிற்றுக் கதையைக் கேட்டதும் பென்சில் நின்றது. "வயித்தைச் சொல்லாதீங்க சார், வேலையைச் சொல்லுங்க. 'உங்க வீட்டுல சாப்பிட்டா உங்களுக்காக நான் பேசுற பேச்சு எடுபடாது'ன்னு சொல்லுங்க. புரிஞ்சுக்குவாங்க."

நடக்கிற காரியமா என்று நினைத்தேன். ஆனால் அப்படிச் சொன்னபோது ஜனங்கள் நிஜமாகவே புரிந்துகொண்டார்கள். என்ன, ஓமத்தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

தீபாவளி வந்தால் இன்னொரு கூத்து. எங்கள் பக்கம் பழகிய இடத்துக்கெல்லாம் பட்டாசுப் பெட்டி கொடுத்தனுப்புவது மரியாதை. ஒரு கம்பெனியிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கும் பெட்டிகள் வந்து இறங்கின. பெட்டியின் மேலே மயில் படம், உள்ளே என்னென்ன இருக்கும் என்று நாங்கள் கற்பனையில் வெடித்துக்கொண்டிருந்தோம். மேடம் அந்தக் கம்பெனி முதலாளிக்குப் போன் போட்டு, மனதார நன்றி சொல்லி, வந்த ஆட்டோ திரும்புவதற்குள் பெட்டிகளை அதிலேயே ஏற்றிவிட்டார். அந்தத் தீபாவளிக்கு சிவகாசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடையில் காசு கொடுத்து வெடி வாங்கியவர்கள் நாங்கள் ஒரு கூட்டம்தான். என் பெண்டாட்டி என்னைக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

மேடத்தின் முக்கியமான வழக்கம் ஒன்று உண்டு. திங்கட்கிழமை காலையில் புது வழக்குகளைப் பிரித்துக் கொடுப்பார். ஆளின் பெயர், ஊர், வேலை பார்க்கும் கம்பெனி எல்லாவற்றையும் நிதானமாக வாசிப்பார். பிறகு நிமிர்ந்து, "யாருக்கு யார் என்ன வேணும்?" என்பார்.

'அவுக உங்களுக்கு என்ன வேணும்?' என்றுதான் எங்கள் பக்கம் உறவு விசாரிப்போம். வந்த சில நாளிலேயே அந்தப் பேச்சை எங்களிடமிருந்து பிடித்து எங்கள் மேலேயே திருப்பிவிட்டார். ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். பெண் கொடுத்த வீடு, பெண் எடுத்த வீடு, கூடப் படித்தவன், பக்கத்துக் காட்டுக்காரன், எதுவானாலும் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். என் மச்சினன் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அந்தக் கம்பெனி பெயர் வந்தால் நான் வாயைத் திறப்பேன், வழக்கு வேறு ஆள் கைக்குப் போய்விடும்.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "மேடம், இந்த ஊர்ல எல்லாருக்கும் எல்லாரும் ஏதாச்சும் ஒரு வகையில வேணும். இப்படியே பாத்தா வேலைக்கு ஆளை அமெரிக்காவுல இருந்துதான் இறக்கணும்."

பென்சில் நின்றது. "வேணும்னா தப்பே இல்ல சார். எனக்குத் தெரியாம வேணும்னாதான் தப்பு." மறுபடி சீவ ஆரம்பித்துவிட்டார்.

இனி பேச்சியம்மாளிடம் வருகிறேன்.

பேச்சியம்மாள் நாரணாபுரத்துக்காரி. புருஷன் காய்ச்சலில் போய்விட்டான், ஒரே மகள் மாரிச்செல்வி. கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் வேலை. ஒருநாள் அந்த அறை தீப்பிடித்துக்கொண்டது. உயிர் தப்பினாள், முகமும் தப்பியது. இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துவிட்டன. மதுரை பெரியாஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நான் முதலில் அவளைப் பார்த்தேன். அதிலிருந்து அவளுடைய வழக்கு என்னுடையது.

காயம் ஆறினாலும் விரல்கள் உள்பக்கமாக இழுத்துக்கொண்டன. வலது கையில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் ஓரளவு விரிந்தன. பயிற்சி கொடுக்கும் இடத்தில் தரையில் உட்கார்ந்து மொச்சைக்கொட்டை பொறுக்குவாள். கீழே விழும், பொறுக்குவாள். மறுபடி விழும். "எம்புட்டு நேரம்மா பண்ணுவ, கொஞ்சம் உக்காரு" என்றால், "பிள்ளைக்கு ஊட்டணும்ல அண்ணே" என்பாள்.

பிள்ளையோ அவளிடம் இல்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் புருஷனின் அண்ணன் கருப்பசாமி தூக்கிப்போய் வளர்த்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் அவர்தானே சோறு போட்டார். ஆனால் இவள் வீடு திரும்பிய பிறகும் பிள்ளையை விடவில்லை. "கை விளங்காதவ பிள்ளைய எப்படி வளப்பா? என் தம்பி மக அங்கன கெடந்து சீரழியணுமா?" என்று கேட்டார். ஊரும் தலையாட்டியது. மாரிச்செல்விக்கு அப்போது ஏழு வயது. குழந்தைத் தொழிலாளர் சோதனை ஒன்றின்போது கருப்பசாமி வீட்டில் மற்ற பெரியவர்களோடு உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போயே வெகுநாளாகியிருந்தது. அதிகாரிகள் பிள்ளையைக் காப்பகத்தில் சேர்த்தார்கள். தாயிடம் விடுவதா, பெரியப்பாவிடமே விடுவதா என்று குழந்தைகள் நலக் குழு விசாரித்து முடிவெடுக்கும். அதற்கு ஒரு சமூகப் பணியாளர் வீட்டைப் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும்.

அறிக்கை எழுத வேண்டியவன் நான். எனக்கு மனதுக்குள் ஒரே கொண்டாட்டம். பேச்சியம்மாளின் ஒவ்வொரு விரலும் எந்த மாதத்தில் எவ்வளவு விரிந்தது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அவளிடம் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் கையில் இருக்கிறது என்று மிதப்பாகத்தான் இருந்தேன்.

ஒரு மதியம் நாரணாபுரம் டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். கடைக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக, "வாங்க மாமா" என்றார். யாரையோ என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

"உங்களத்தான். பத்திரிகை வந்துச்சு. சீரு பெருசா இருக்கும்லா?"

கல்லாவுக்கு மேலே ஒரு மஞ்சள் அட்டை செருகியிருந்தது. மாரிச்செல்வியின் காதணி விழா. குலதெய்வம் கோயிலில், பங்குனியில். 'தாய்மாமன்' என்று கொட்டை எழுத்து, அதன் கீழே என் பெயர். பெயருக்குப் பின்னால் என் படிப்பு வேறு, ஒரு புள்ளி விடாமல்.

நேரே பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே கத்தினேன். "யாரைக் கேட்டு எம் பேரைப் போட்ட?"

அவள் பயப்படவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அச்சாபீஸில் வேலை பார்க்கிறார், மிச்சமான அட்டையில் சும்மா அடித்துத் தந்தார் என்றாள். எங்கள் பக்கம் அச்சு என்பது தெருக்குழாய்த் தண்ணீர் மாதிரி, யாருக்கு வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும்.

"பிள்ளையே இன்னும் கைக்கு வரல. அதுக்குள்ள காதுகுத்தா?"

"அதுக்குத்தான அண்ணே அடிச்சதே. பத்திரிகை அடிச்சு ஊருக்குக் குடுத்தாச்சுன்னா பிள்ளையத் தராம இருக்க முடியுமா? சாமி காரியம்லா? அப்புறம், எனக்குன்னு ஒரு அண்ணன் இருக்காருன்னு தெரிஞ்சாத்தான் எங்க மச்சான் அடங்குவாரு. அண்ணன் இல்லாத பொட்டச்சின்னுதான இம்புட்டு ஆட்டம்."

அவள் சொன்னதில் ஒரு எழுத்து கூடத் தப்பில்லை. இந்த ஊரில் காரியம் அப்படித்தான் நடக்கும். பத்திரிகை வந்துவிட்டால் கல்யாணம் நிச்சயம், தாய்மாமன் இருந்தால் பெண்ணுக்குப் பலம். ஊர்க் கணக்கில் அவள் செய்தது சரி. வழக்குக்குத்தான் அது வேட்டு. காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்துப் பிடிக்கிற மாமன், அதே பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று நடுநிலையாக அறிக்கை எழுதுகிறான் என்றால் எவன் நம்புவான்?

பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். "அண்ணே, கவலைய விடுங்க. குடுத்த பத்திரிகைய பூரா நான் திரும்ப வாங்கிருதேன். சாயங்காலமே வேற அடிச்சு, உங்க பேரு இல்லாம குடுத்துருவோம். காதும் காதும் வச்சாப்புல முடிச்சிரலாம்."

ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு டீக்கடைக்காரர் முகம் ஞாபகத்துக்கு வந்தது. கல்லாவுக்கு மேலே ஏறியதை யாரால் திரும்ப வாங்க முடியும்? ஒரு பத்திரிகையை மட்டும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியை விருதுநகருக்கு விட்டேன்.

மேடம் பத்திரிகையை முன்னும் பின்னும் பார்த்தார். என் படிப்பைப் பார்த்ததும் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அவர் அதைக் கீழே வைத்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"இதை வழக்குக் கட்டுல முதல் பக்கமா வைங்க சார். அது மேல உங்க கையாலயே எழுதுங்க. இந்தம்மா எனக்கு உறவு இல்ல. என்னைக் கேக்காம என் பேரைப் போட்டாங்க. ஆனா நான் உறவுன்னு ஊர் நினைக்க இப்ப காரணம் இருக்கு. அதனால விலகிக்கிறேன். எழுதிக் கையெழுத்துப் போட்டு, குழுவுக்கு இன்னிக்கே ஒரு நகல் குடுத்துருங்க. இனிமே இளங்கோவன் பார்ப்பார்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "இளங்கோவனா? அந்தாளு அவ முகத்தைக் கூடப் பாத்ததில்ல மேடம்! ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்து நான் பாத்துட்டு வாறேன். நான் எழுதுனா பொய்யாவா எழுதுவேன்?"

"நீங்க நியாயமா எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியும். கருப்பசாமிக்குத் தெரியுமா?"

கேள்வி நியாயம்தான். இருந்தாலும் கதவைக் கொஞ்சம் வேகமாகத்தான் சாத்திவிட்டு வந்தேன்.

இளங்கோவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். இந்த மாவட்டத்தில் அவருக்குச் சொந்தம் என்று யாரும் ஒன்றும் வேண்டாம். யாரோடும் ஒட்டமாட்டார், சிரிக்கமாட்டார். எனக்கும் அவருக்கும் அலுவலக வண்டியை யார் எடுப்பது என்பதில் தீராத தகராறு. மேடம் போட்ட நிபந்தனை இன்னும் கடுமை. வழக்குக் கட்டுக்குள் இருப்பதைத் தவிர ஒரு வார்த்தை கூட நான் இளங்கோவனிடம் சொல்லக் கூடாது. வழக்கு முடியும்வரை நாரணாபுரம் போகக் கூடாது.

பேச்சியம்மாளுக்கு விஷயத்தைச் சொல்லக் கடைசியாக ஒரு முறை போனேன், மேடத்தோடு. எல்லாம் கேட்டுவிட்டு அவள் மேடத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "ஒரு பேரப் போட்டதுக்கு விட்டுட்டுப் போறீகளா சார்?" என்று கேட்டாள். அதுவரை என்னை அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். வண்டியில் வரும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இளங்கோவன் என் மேசைக்கு வந்தது ஒரே தடவை. "அந்த அம்மா வீட்டுக்கு எப்படிப் போவணும்?" என்றார். ஒரு தாளில் வழி வரைந்து கொடுத்தேன். கோயில், தண்ணீர்த் தொட்டி, மூன்றாவது சந்து. கூடவே, மொச்சைக்கொட்டையைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன். அவர் எப்போது போகிறார், எப்போது வருகிறார் என்று யாருக்கும் தெரியாது. சொல்லாமல் விடியற்காலையில் போய் நிற்பாராம், சாயங்காலமும் போய் நிற்பாராம். திரும்பி வந்து எதையோ எழுதுவார். இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து அந்தப் பேனா ஓடுகிற சத்தத்தைக் கேட்பது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அந்த முகம் எப்போதும் ஒரே மாதிரிதான்.

விசாரணை விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில், குழந்தைகள் நலக் குழு அலுவலகத்தில். முன்னால் வழக்கைப் பார்த்தவன் என்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். கருப்பசாமி ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களை இறக்கியிருந்தார். வேப்பமரத்தடி முழுக்க வெள்ளை வேட்டி. பேச்சியம்மாள் பக்கம் அந்த அச்சாபீஸ்காரர் ஒருவர்தான். காப்பகத்திலிருந்து பிள்ளையைக் கூட்டி வந்ததும், கொஞ்ச நேரம் அம்மாவோடு இருக்கட்டும் என்று வராந்தாவில் விட்டார்கள். தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டே போக எனக்கு அனுமதி இல்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். குழுவின் தலைவி ஒரு வயதான அம்மா, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தார். கருப்பசாமி அவர் பேசத் தொடங்கும்வரை கூடக் காத்திருக்கவில்லை. சட்டைப்பைக்குள் கைவிட்டு அந்த மஞ்சள் பத்திரிகையை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினார்.

"அம்மா, இத வாசிச்சுப் பாருங்க! தாய்மாமன்னு யாரு பேரு போட்டிருக்குன்னு பாருங்க! ஆபீசர்னு வந்து நிக்கிறாரே, இவருதான். அண்ணனும் தங்கச்சியுமா சேந்துக்கிட்டு என் தம்பி பிள்ளையப் பிடுங்கப் பாக்காக. இவரு எழுதுன அறிக்கை செல்லுமா? நீங்களே சொல்லுங்க!"

வாசலில் நின்ற கூட்டம் 'அதான, அதான' என்றது. என் காதெல்லாம் சூடானது. பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். இதற்குத்தான் இவர்கள் வேன் வைத்து வந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

தலைவி அம்மா அவசரப்படவே இல்லை. முன்னால் இருந்த வழக்குக் கட்டைத் திறந்து கருப்பசாமி பக்கம் திருப்பினார். முதல் பக்கத்தில் அதே மஞ்சள் பத்திரிகை, அதன் மேலே என் கோழிக்கிறுக்கல்.

"இதைத்தானே சொல்றீங்க? இவரே கொண்டுவந்து குடுத்துட்டாரே. அன்னைக்கே விலகிட்டார். அறிக்கை எழுதினது இவர் இல்ல, அதோ அவர்." இளங்கோவனைக் காட்டினார். "அவர் இந்தம்மாவுக்கு என்ன வேணும்? விசாரிச்சீங்களா?"

கருப்பசாமி இளங்கோவனை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஊருய்யா நீரு?"

"தஞ்சாவூர்ங்க."

தூக்கிப் பிடித்த கை தானாக இறங்கியது. தஞ்சாவூர்க்காரனை என்ன முறை வைத்துச் சொந்தமாக்குவது? உள்ளுக்குள் நான் சரவெடி கொளுத்தினேன். வெளியே முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கையை வாசித்தார்கள். ஆரம்பமே எனக்குப் பிடிக்கவில்லை. நிறைகுடம் தூக்க முடியவில்லை, பக்கத்து வீட்டு உதவி தேவை என்று எழுதியிருந்தார். கூரையில் ஓர் ஓட்டை இருக்கிறது. சோறு வடிப்பது ஆபத்து, அதனால் வடிக்காமலே பொங்குகிறாள். நானாக இருந்தால் இதில் ஒன்றையாவது விட்டிருப்பேன். பாவி மனிதர் எதையும் விடவில்லை. பிறகுதான் மற்றது வந்தது. அடுப்பு பற்றவைப்பது, வீடு பெருக்குவது, மாத்திரை பிரிப்பது, பிள்ளையின் பழைய பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் போடுவது எல்லாவற்றையும் தாமே நேரில் பார்த்ததாக எழுதியிருந்தார். இந்தத் தாய்க்கு உதவி தேவை, ஆனால் இவருக்குப் பதிலாக வேறொரு தாய் தேவையில்லை என்று முடித்திருந்தார். அந்தச் சிரிக்காத மனிதருக்கு இப்படி எழுத வருமா என்று ஆச்சரியமாக இருந்தது.

கருப்பசாமி கடைசியாக ஒன்று கேட்டார், கொஞ்சம் தணிந்த குரலில். "எல்லாம் சரிம்மா. பொம்பளப் பிள்ளை. அந்தக் கைய வச்சு ஒரு சடை பின்னிவிட முடியுமா அவளால?"

தலைவி அம்மா மாரிச்செல்வியைப் பார்த்தார். அதுவரை சுவரை ஒட்டி நின்ற பிள்ளை, யாரும் சொல்லாமலே முதுகைத் திருப்பிக் காட்டியது. இரட்டைச் சடை. கொஞ்சம் கோணல், ஆனால் இறுக்கமான பின்னல். நுனியில் சிவப்பு ரிப்பன்.

"இது எங்கம்மா இப்பப் பின்னுனது" என்றது. "ரிப்பன பல்லுல கடிச்சுக்கிட்டு பின்னுச்சு."

ஆமாம், வராந்தாவில் அதைத்தான் நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளை தாயோடு போகலாம், பள்ளிக்கூடம் போக வேண்டும், இளங்கோவன் தொடர்ந்து போய்ப் பார்த்து வர வேண்டும் என்று உத்தரவானது. பேச்சியம்மாள் பிள்ளையை அணைத்துக்கொண்டு அழுத அழுகையில் கருப்பசாமியே துண்டால் கண்ணைத் துடைத்தார். வெளியே வந்ததும், வாழ்நாளில் யாருக்கும் டீ வாங்கித் தராத வசந்தா மேடம் எங்களுக்கு டீயும் வடையும் வாங்கித் தந்தார். நான் இளங்கோவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் சிரித்தார். பல் வரிசை நன்றாகத்தான் இருந்தது, எதற்காக அவ்வளவு நாள் மறைத்து வைத்திருந்தார் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து வண்டிச் சாவியை நானே அவர் மேசையில் வைத்துவிடுவேன்.

என் அறிக்கை அந்த அறையில் இருந்திருந்தால், அது எவ்வளவு சத்தியமாக இருந்தாலும், ஒரு மஞ்சள் அட்டை அதைக் கொன்றிருக்கும். பிள்ளை வேனில் ஏறிப் போயிருக்கும். குலவிளக்கே, உனக்கும் இதைத்தான் சொல்கிறேன். பிளக்ஸைக் கிழிக்காதே. அதைப் படமெடுத்து, உன் மேலதிகாரியிடம் நீயே முதலில் கொண்டுபோய்க் காட்டு. இன்றைக்கே போ.

வழக்கு முழுவதும் முடிந்து கட்டை மூடிய பிறகு பேச்சியம்மாள் அலுவலகத்துக்கு வந்தாள், கையில் புதுப் பத்திரிகையோடு. மாரிச்செல்விக்கு ஒன்பது வயது ஆகியிருந்தது. ஒற்றைப்படை வயதில்தானே காது குத்துவார்கள். நான் பயந்துகொண்டே பத்திரிகையைப் பிரித்தேன். தாய்மாமன் என்ற இடமே இல்லை.

மேடம் கேட்டார். "அப்ப யார் மடியில உக்கார வச்சுக் குத்துவீங்க?"

"எம் மடி இல்லையா?" என்றாள் பேச்சியம்மாள். பிறகு என்னைப் பார்த்து, "மடிதான் குடுக்க மாட்டீக. பந்திக்காச்சும் வருவீகளா சார்?"

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் பென்சிலைச் சீவிக்கொண்டே, "வழக்குக் கட்டை மூடியாச்சு. போய் நல்லா சாப்பிட்டுட்டு வாங்க" என்றார்.

கோயிலில் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நின்றேன். கருப்பசாமியும் வந்திருந்தார், தட்டில் பூவும் பழமும் புதுப் பாவாடையும் வைத்து. காது குத்த வந்த ஆசாரி பேச்சியம்மாளின் கைகளைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"ஆத்தா, வளந்த பிள்ளை, துள்ளும். ஆம்பளையாளு யாராச்சும் பிடிச்சுக்கோங்களேன்."

சில கண்கள் என் பக்கம் திரும்பின. நான் அசையவில்லை.

"நான் பிடிச்சுக்கிடுதேன், நீங்க குத்துங்க" என்றாள்.

ஊசி இறங்கியதும் மாரிச்செல்வி வீலென்று கத்திக்கொண்டு துள்ளினாள். அந்த இரண்டு கைகளும் பிள்ளையின் தலையையும் தோளையும் மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டன. ஒரு இம்மி நகரவில்லை. ஆசாரி அடுத்த காதையும் முடித்து, "பிடின்னா இது பிடி!" என்றார். கருப்பசாமிதான் முதலில் குலவை போடச் சொல்லிக் கத்தினார்.

பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். அத்தனை வருஷத்தில் அந்த ஊரில் நான் கை நனைப்பது அதுதான் முதல் தடவை. பக்கத்து இலையிலிருந்து ஓர் அம்மா அக்கறையாக, "வயிறு இப்பத் தேவலையா சார்? சாம்பாரு காரமா இருக்கும்" என்றாள். சாதம் பரிமாற பேச்சியம்மாளே வந்தாள், வாளியை இடுக்கிக்கொண்டு, அகப்பையை அந்த இரண்டு விரல்களில் பிடித்துக்கொண்டு.

"போடவா அண்ணே?"

"போடு தங்கச்சி" என்றேன்.

இலை நிறையப் போட்டாள். ஒரு பருக்கை வெளியே சிந்தவில்லை.